எங்கள் பிள்ளைகள் தெருக் கூட்டிய சனிக்கிழமை

ஈஸ்டர் விடுமுறைக்கு இரண்டு கிழமைகள் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமைக் காலை, எங்கள் கிண்டர்கார்டனில் ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று தன் குழுவிலுள்ள மற்றப் பதினேழு பிள்ளைகளையும் தங்கள் ஊர்வலத்துக்கு அழைத்துவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அந்தக் குழுவுக்குப் பொறுப்பான எனக்கும் அதுவரை எதுவும் தெரியாது.

ஸ்டுட்கார்ட்டின் விளிம்பில், ட்ராம் பாதை முடிகிற இடத்துக்கு இரண்டு தரிப்பிடம் முன்னால் இருக்கிறது எங்கள் கிண்டர்கார்டன். அங்கே நான் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் வந்து இந்த நாட்டிலேயே படித்து, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவதைத் தொழிலாக்கிக்கொண்டவள். வேலையிடத்தில் நாங்கள் பேசுவது முழுவதும் ஜேர்மன்தான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அந்தப் பேச்செல்லாம் எனக்கு எங்கள் வீட்டுத் தமிழிலேயே கேட்கிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமைகளில் பிள்ளைகள் வட்டமாக இருந்து சனி ஞாயிறில் என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சிறுமியின் முறை வந்தது. இடுப்புவரை நீண்ட இரட்டைப் பின்னல். பிறந்ததிலிருந்து வெட்டாத முடி. சீக்கியக் குடும்பத்துப் பிள்ளை. குரல் மட்டும் சந்தையில் தக்காளி விற்கிறவர்களின் குரல்.

“நான் போன சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லப்போறேல்லை. ஈஸ்டர் முடிஞ்சு வாற சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லப்போறன். அண்டைக்கு எங்கட குரு தெருவாலை வருவார். நீங்கள் எல்லாரும் வரவேணும். எல்லாருக்கும் சாப்பாடு தருவினம்.”

“குரு எண்டா ஆர்?” என்று கேட்டான் பக்கத்திலிருந்த பையன்.

“புத்தகம்.”

“புத்தகம் எப்பிடி நடந்து வரும்?”

“நடந்து வரமாட்டார். லொறியிலை இருந்து வருவார். மேலை கூடாரம் இருக்கும், பூ இருக்கும். நாங்கள் முன்னுக்குப் போய்த் தெருவைக் கூட்டுவம். ராசா வாற வழி துப்புரவா இருக்க வேண்டாமோ?”

பதினேழு பிள்ளைகளும் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு புத்தகம் எப்படி ராசாவாகும் என்று நான் விளக்கம் சொல்வேன் என்று காத்திருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனைக் காலையும் மாலையும் பார்க்கிறேன். தகப்பன் பார்சல் வண்டி ஓட்டுகிறவர், தாய் ட்ராம் தரிப்பிடத்தருகே உள்ள பேக்கரியில் வேலை. பிள்ளைக்கு முட்டை கொடுப்பதில்லை என்பது தெரியும், சளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரியும். அவர்கள் எதை வணங்குகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள்.

“சனிக்கிழமை ஏதோ லொறி வருதாமே? எத்தனை மணிக்கு?”

“என்ர மகன் இப்பவே தெருக் கூட்டத் தும்புத்தடி கேக்கிறான். நாங்களும் ஏதும் சமைச்சுக்கொண்டு வரவேணுமோ?”

கடைசியாக வந்தவர் அந்தச் சிறுமியின் தாய். பேக்கரிச் சீருடையோடு, கையில் மா ஒட்டியபடி. வாசலில் நின்ற இன்னொரு தாய் அவரைப் பார்த்து, “அழைப்புக்கு நன்றி, நாங்கள் கட்டாயம் வருவம்” என்று சொன்னதும் அந்த முகம் வெளிறியதைப் பார்த்தேன். எல்லோரும் போகும்வரை நின்றார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே, கோட்டுகள் தொங்குகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அவர் என்னைத் தீதி என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பக்கத்தில் அக்காவை அப்படிச் சொல்வார்களாம்.

“தீதி, நாளைக்கு எல்லாரிட்டையும் சொல்லுங்கோ, அது பிள்ளை சும்மா சொன்னது எண்டு. நாங்கள் வெளியிலை இதுகளைக் கதைக்கிறேல்லை.”

“ஏன்?”

“முன்னுக்கு அஞ்சு பேர் வாளோடை வருவினம். தலைப்பாகை கட்டின ஆம்பிளையள் நூறு பேர் வருவினம். இவை பயந்துபோடுவினம். ட்ரெயினிலை என்ர அவருக்குப் பக்கத்திலை இருந்த ஒரு மனிசி எழும்பிப் போய் வேறை இடத்திலை இருந்தது. அவர் வீட்டை வந்து அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. பிள்ளைதான் சொன்னாள். அவளும் அவரோடை இருந்தவள்.”

ஓம், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்ற பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பயம் எனக்குப் புதியதில்லை.

எனக்குப் பதினொரு வயது. அப்போது நாங்கள் ஜேர்மனியின் வடக்கே வேறொரு சிறிய நகரத்தில் இருந்தோம். அங்கிருந்த எங்கள் கோயிலில் தேர்த்திருவிழா. பட்டுப் பாவாடை, தலையில் பூ, கையில் கற்பூரத் தட்டு. தேர் பெரிய தெருவுக்குத் திரும்பியபோது, நடைபாதையில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் தாயோடு சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை அம்மாவின் கையில் திணித்துவிட்டுக் குனிந்தேன். குனிந்தபடியே சனத்துக்குள் நுழைந்தேன். அப்பா கண்டுவிட்டார். என்னைப் பார்த்தார், நடைபாதையைப் பார்த்தார். பிறகு வந்து எனக்கும் நடைபாதைக்கும் நடுவில் நின்றுகொண்டார். அந்தத் தெரு முடியும்வரை, வேட்டி கட்டிய உடம்பால் என்னை மறைத்தபடியே நடந்து வந்தார். வீட்டுக்குப் போன பிறகும் ஒன்றும் கேட்கவில்லை.

கோட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இதை அந்தத் தாயிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. என் கணவருக்கும் தெரியாது.

“உங்கட பிள்ளை ஒளிக்கேல்லை. எல்லாரையும் வாங்கோ எண்டு கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் பொய் எண்டு சொல்லலாமோ? எனக்கு ரெண்டு நாள் தாங்கோ” என்றேன்.

அவர் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார். பிறகு, “எத்தனை பேர் வருவினம்? சமோசா கூடச் செய்யச் சொல்லவேணும்” என்றார்.

எங்கள் நிலையப் பொறுப்பாளர் அடுத்த வருடம் ஓய்வுபெற இருந்த ஜேர்மன் பெண்மணி. எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு வைத்திருப்பவர். விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை என்பதால் கிண்டர்கார்டன் பயணமாகப் போக ஏலாது, காப்புறுதி இல்லை, பெற்றோர் தங்கள் விருப்பத்தில் போகலாம் என்றார். அதோடு முடித்துவிடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“வாள் எண்டு சொன்னீர். உண்மையான வாளோ?”

“உண்மையான வாள்தான்.”

“ஏன் கொண்டுபோகினம்?”

“எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது. தெரியாத ஆக்கள் நாங்கள் ரெண்டு பேரும் இதிலை இருந்து கதைச்சு என்ன பிரயோசனம்? தகப்பனைக் கூப்பிடும். வந்து பிள்ளையளுக்குச் சொல்லட்டும். நானும் இருந்து கேக்கிறன்.”

தகப்பன் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்தார். உயரமான மனிதர். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் இருந்தபோது முழங்கால் இரண்டும் நெஞ்சுவரை வந்தன. கையில் ஒரு துணிப் பை. நெற்றியில் வியர்வை. அவருடைய ஜேர்மன், பார்சல் கொடுப்பதற்குத் தேவையான அளவு ஜேர்மன். மகள் பக்கத்தில் நின்று, அவர் தடுமாறும்போதெல்லாம் சொல் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கத் தேவையில்லாத இடத்திலும் கொடுத்தாள்.

பிள்ளைகளின் முதல் கேள்வி வாளைப் பற்றியதல்ல.

“உங்கட தலைக்குள்ளை என்ன இருக்கு?”

“முடி. நிறைய முடி” என்றார்.

“காட்டுவீங்களோ?”

அவர் சிரித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினார். பையிலிருந்து இளநீலத் துணியொன்றை எடுத்து விரித்தார். ஐந்து மீற்றர். அறை போதவில்லை. கதவைத் திறந்து, துணியின் மறு நுனியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, நடைவழி முழுவதும் நீளமாகப் பிடிக்கச் சொன்னார். மடிப்பெடுக்க எப்போதும் இன்னொருவர் வேண்டுமாம். வீட்டில் தினமும் காலையில் அதைப் பிடிப்பது மகள். ஏழெட்டுப் பிள்ளைகள் நுனியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்க, அவர் தன் முழங்காலைத் தலைபோல நிமிர்த்தி வைத்து, அதிலே சுற்றிச் சுற்றிக் கட்டிக் காட்டினார். கடைசி மடிப்பைச் செருகியபோது அச்சாகத் தலைப்பாகை. முழங்கால் தலைப்பாகை கட்டியிருந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய தோள்கள் இறங்கின.

பொறுப்பாளர் பின்னால் இருந்து வாளைப் பற்றிக் கேட்டார்.

அவர் சொற்களைத் தேடினார். மகள் எடுத்துக் கொடுக்க வாய் திறந்தாள், அவர் கையால் தடுத்தார்.

“அடிக்க இல்லை. ஒருத்தருக்கு ஆரும் அடிச்சா, நாங்கள் நடுவிலை போய் நிக்கிறதுக்கு.”

“பொலிஸ் மாதிரியோ?” என்றான் ஒரு பையன்.

“ஓம், பொலிஸ் மாதிரி. ஆனால் சப்பாத்து இல்லை.”

பிறகு ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னார். நகர் கீர்த்தனை என்று அதற்குப் பெயர். தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவது. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு நவம்பரும் கடதாசி விளக்குப் பிடித்துப் பாடிக்கொண்டு தெருவில் நடக்கிறவர்கள். ஒரு சிறுமி சொன்னாள்: “எங்கட விளக்கு ஊர்வலம் மாதிரி. இது பகலிலை. அதுதான் விளக்கு வேண்டாம்.” தகப்பனுக்கு அந்த விளக்கு ஊர்வலம் என்னவென்று தெரியவில்லை. மகள் அவருக்கு விளக்கினாள். “அப்ப இவைக்கு ஏற்கெனவே தெரியும்” என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், பெரிய நிம்மதியோடு.

சனிக்கிழமை காலை என் வீட்டில்தான் தடை. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

“நான் ஏன் வரவேணும்? அது எங்கட சாமி இல்லைத்தானே.”

“எங்கட சாமி எண்டால் மட்டும் வந்துபோடுவியோ?” என்று கேட்டார் என் கணவர், கோப்பியைக் குடித்துக்கொண்டு.

“அதுக்கும் எனக்கு விருப்பமில்லை” என்றாள். கணவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

“உனக்கு விருப்பமில்லை எண்டா பரவாயில்லை. எனக்குத் துணைக்கு வா. சின்னப் பிள்ளையள் கனபேர் வருவினம். தனியப் பாக்க ஏலாது” என்றேன். உதவி என்று கேட்டால் மறுக்கமாட்டாள். அது எனக்குத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

ட்ராம் தரிப்பிடத்தில் பதினொரு குடும்பங்கள் நின்றன. நான் நான்கை எதிர்பார்த்தேன். சிலர் வரவில்லை. ஒரு தகப்பன் முதல்நாள், இதெல்லாம் தனக்குச் சரிவராது என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார். பொறுப்பாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். செம்மஞ்சள் துணிகள் நிறைந்த கூடையோடு ஒரு சீக்கிய இளைஞர் வந்து, தலையை மூட வேண்டும் என்று பணிவாகச் சொன்னபோது, பொறுப்பாளர் தன் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டி, “என்ர தலை மூடித்தான் இருக்கு” என்றார். இளைஞர் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். ஹெல்மெட் சைக்கிள் கைபிடிக்குப் போனது. அவருடைய நரைத்த தலையில் செம்மஞ்சள் துணியை நான்தான் கட்டிவிட்டேன். பிறகு என் மகளுக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

முதலில் பொலிஸ் மோட்டார் சைக்கிள் வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் தெளித்தபடி பெண்கள், அதற்குப் பின்னால் விளக்குமாறோடு இன்னும் பல பெண்கள், பிள்ளைகள். நடுவில் எங்கள் சிறுமி. வெள்ளைச் சுடிதார், செம்மஞ்சள் துணி, தன் உயரத்துக்கு வெட்டிய தும்புத்தடி. கூட்டுவதில் அப்படி ஒரு கவனம். தலை நிமிர்ந்து எங்களைக் கண்டதும் அந்தக் கவனம் பறந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். எதிர்ப்பக்கக் கட்டடத்தில் கீழ்வீட்டு ஜன்னலில் தலையணை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் திடுக்கிட்டுப் போனார்.

கூட்டுகிறவர்களுக்குப் பின்னால் அந்த ஐந்து பேர். காவி உடை, கையில் உயர்த்திப் பிடித்த வாள், வெறுங்கால். நடக்கும்போது அவர்கள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் பேச்சு தானாக நின்றது. பயமில்லை. “சப்பாத்து இல்லை” என்று ஒரு பையன் மட்டும் மெல்லச் சொன்னான், தான் கேள்விப்பட்டது சரிதான் என்ற திருப்தியில். அவர்களுக்குப் பின்னால் பூக்களால் மூடிய வண்டி. அதிலே விதானத்தின் கீழே, அவள் சொன்ன அந்தப் புத்தகம், குரு கிரந்த் சாகிப். ஒருவர் பின்னால் நின்று வெண்சாமரம் வீசிக்கொண்டிருந்தார். வண்டியிலேயே ஹார்மோனியம், தபேலா, பாட்டு. பின்னால் நூற்றுக்கணக்கான ஆட்கள். சிறுமியின் தகப்பன் வண்டிச் சக்கரத்தருகே நடந்து வந்தார். எங்களைக் கண்டார். கும்பிட்டார்.

நாங்களும் கூட நடக்கத் தொடங்கினோம். பத்து அடி போயிருக்கமாட்டோம். சித்திரை மாதம், எங்கள் புத்தாண்டும் அந்தக் கிழமைதான் வந்து போயிருந்தது. ஆனால் ஜேர்மன் ஏப்ரலுக்கு அது தெரியுமோ? வெயில் அடித்துக்கொண்டிருந்த வானம் ஐந்து நிமிடத்தில் கறுத்தது. ஆலங்கட்டி மழை. கடலைப் பருமனில் ஐஸ் கொட்டியது. பிள்ளைகள் அலறினார்கள். என் மகள் இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தன் ஜக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள்.

அப்போது பக்கத்துக் கட்டடத்தின் வாசற்கதவைத் திறந்து ஒரு கிழவி, “பிள்ளையள் உள்ளுக்கு! எல்லாரும் உள்ளுக்கு!” என்று கத்தினார். படிக்கட்டு முழுக்க ஈரப் பிள்ளைகளும், ஈரத் தலைப்பாகைகளும், ஈர ஜேர்மன் பெற்றோரும். நான் பிள்ளைகளை எண்ணினேன், பதினான்கு பேரும் இருந்தார்கள். அந்த மனிசியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கு இன்றைக்கும் என் மனதில் ஓர் இடம் உண்டு.

கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். வண்டிமேல் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைச் சிறுமியின் தகப்பனும் இன்னும் நான்கு பேரும் நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐஸ் அவர்கள் தோளில் விழுந்து தெறித்தது. பாட்டு நிற்கவில்லை. முன்னால் அந்த ஐந்து பேரும் அசையாமல் நின்றார்கள், வாளோடு, வெறுங்காலோடு.

“அம்மா, அவையின்ர காலைப் பாருங்கோ” என்றாள் என் மகள்.

மழை எப்படி வந்ததோ அப்படியே நின்றது. தெரு முழுக்க வெள்ளை. ஊர்வலத்தில் ஒருவர் போகலாம் என்று கை காட்டினார். அந்த நேரம்தான் சிறுமியின் குரல் கேட்டது. தாயோடு எங்கேயோ ஒதுங்கி நின்றவள் தெரு நடுவுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, அந்த வெள்ளைத் தெருவைப் பார்த்தாள். மெய்யாகவே கோபம்.

“நாங்கள் கூட்டினது எல்லாம் போச்சு!” பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “ஏன் நிக்கிறீங்கள்? வாங்கோ! திரும்பக் கூட்டுவம்!”

முதலில் இறங்கி ஓடியது என் குழுப் பையன் ஒருவன். பிறகு எல்லோரும். பெண்கள் தங்கள் விளக்குமாறுகளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். விளக்குமாறு கிடைக்காதவர்கள் சப்பாத்தால் தள்ளினார்கள், கையால் அள்ளினார்கள். ஐந்து பேர் நிற்கிற இடத்துக்கு முன்னால் ஐஸை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கறுப்புத் தார் தெரிய ஒரு வழி. ஊர்வலம் முழுவதும் நின்று காத்திருந்தது.

எதிர்ப்பக்க ஜன்னல் கிழவர் வெளியே வந்தார். கையில் இரண்டு தும்புத்தடி, ஒரு பனி தள்ளுகிற சவள். இந்த ஸ்டுட்கார்ட் பக்கம் ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டுக்காரர் முறைவைத்துப் படிக்கட்டையும் நடைபாதையையும் கூட்ட வேண்டும் என்பது சட்டம்போல. முறை வந்தவரின் கதவில் ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகை அன்று அவருடைய கதவில் தொங்கியது. பிள்ளைகள் கூட்டுவதை ஒரு நிமிடம் பார்த்து நின்றார். பொறுக்க முடியவில்லை போல.

“அப்பிடியில்லை. நீங்கள் சும்மா பரவிவிடுறீங்கள். ஒரு பக்கத்திலையிருந்து தொடங்கவேணும்” என்றார். சவளை என் மகளிடம் நீட்டினார். “நீ பெரியவள். நீ முன்னுக்குத் தள்ளு. இவை பின்னுக்குக் கூட்டட்டும்.”

என் மகள் தள்ளினாள். தலையில் செம்மஞ்சள் துணி நழுவி ஒரு கண்ணை மறைத்தது, அதைக்கூட ஒதுக்கவில்லை. பின்னால் பதினாலு பதினைந்து பிள்ளைகள். பொறுப்பாளர் ஓரத்தில் நின்று ஓர் அட்டைத் துண்டால் ஐஸைத் தள்ளிக்கொண்டிருந்தார். வழி திறக்கத் திறக்க அந்த ஐந்து பேரும் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார்கள். அவர்களில் வயதானவர் என் மகளைக் கடக்கும்போது நின்றார். முகம் மாறவில்லை. வாளைப் பிடித்திராத கையை நெஞ்சில் வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். பிறகு நடந்தார்.

நான் அழுதேன். சுற்றியிருந்த எல்லோருக்கும் முகம் ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஊர்வலம் அவர்களுடைய கோயிலான குருத்வாராவில் முடிந்தது. முற்றத்துக் கூடாரத்தின் கீழே நீளமாகப் பாய் விரித்து எல்லோரும் தரையில் இருந்தோம். பருப்பு, ரொட்டி, சோறு, சமோசா, பால் விட்டுக் காய்ச்சிய இஞ்சித் தேத்தண்ணி. பொறுப்பாளருக்கு முழங்கால் மடிக்க ஏலவில்லை. காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டார். சிறுமி ஒரு வாளியில் ரொட்டி வைத்துக்கொண்டு வரிசையில் வந்தாள். தன் நண்பர்களுக்கு மூன்று மூன்றாகப் போட்டாள். வேண்டாம் என்றவர்களுக்கும் போட்டாள். ஜன்னல் கிழவரும் வந்திருந்தார். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது, நான் சந்தேகப்படுவது அவளைத்தான்.

தாய் பருப்பு வாளியோடு என் முன்னால் குனிந்தபோது அவருடைய கையைப் பிடித்தேன். “உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு...” என்று தொடங்கினேன்.

“தீதி, இங்கை நன்றி சொல்லுறேல்லை” என்றார். “இன்னுமொரு ரொட்டி கேளுங்கோ. அது காணும்.”

இன்னுமொரு ரொட்டி கேட்டேன்.

வீடு திரும்பும்போது ட்ராமில் என் மகள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். சவள் பிடித்து உள்ளங்கை சிவந்திருந்தது. வீட்டுக்குள் கால் வைத்ததும் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள், பாதி தமிழும் பாதி ஜேர்மனுமாக. “அப்பா, நான் தள்ளாட்டி அவை ஐஸிலைதான் நடந்திருப்பினம்.” தகப்பன், “அப்பிடியோ?” என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டார். தலையில் துணி இன்னும் இருந்தது. கழற்றச் சொல்லவில்லை நான்.

திங்கட்கிழமை கிண்டர்கார்டனில் பிள்ளைகள் தாங்களாகவே ஊர்வலம் விளையாடினார்கள். பூங்காவுக்குப் போகும்போது சின்னவர்களை ஏற்றி இழுக்கிற மரவண்டிக்குள் தலையணை வைத்தார்கள், அதன்மேல் மண் தோண்டும் இயந்திரங்கள் பற்றிய படப் புத்தகம். இது அவர்களுக்கு நோகுமோ என்று பயந்து, சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அது குரு இல்லை. அது வெறும் புத்தகம். ஆனால் புத்தகத்துக்கு முன்னாலை கூட்டினால் பிழையில்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தன் தும்புத்தடியைத் தேடிப் போனாள். பின்னேரம் தாயிடமும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் நடைவழி அப்படித் துப்புரவாக இருந்தது. தேத்தண்ணிக் கறைகூட இல்லை.

அவள் அந்த ஆவணியில் பள்ளிக்கூடம் போய்விட்டாள். இப்போது அவளுடைய தம்பி எங்களிடம் வருகிறான். அமைதியான பிள்ளை. யாரையும் எதற்கும் அழைக்கமாட்டான். அதனால்தானோ என்னவோ, இந்த வருடம் பங்குனி முடிவில் ஒருநாள் தாய் பேக்கரிச் சீருடையோடு வந்து, கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். தானே ஜேர்மனில், பெரிய எழுத்தில் எழுதிய அழைப்பு. எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி, எந்தத் தரிப்பிடம். குழந்தைகளுக்கு விளக்குமாறு தரப்படும். எல்லோரும் வரலாம்.

“பிழை இருக்கோ தீதி? நீங்கள் வடிவாப் பாருங்கோ. எல்லாரும் வாசிப்பினம்.”

இரண்டு இடத்தில் பிழை இருந்தது. ஒன்றில் எழுத்துப் பிழை, மற்றதில் இலக்கணம்.

“இல்லை. நல்லா இருக்கு” என்றேன். வாசலுக்கு நேரே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், அறிவித்தல் பலகையில் அவரே ஊசி குத்தி மாட்டினார். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று அதைப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.